கூர்மைக்கு அப்பால்: 35 மி.மீ. எஃப் 1.4, அன்றும் இன்றும்

2022-ஆம் ஆண்டில் லைகா நிறுவனம் இரண்டு 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் அதன் எம் வகைக் கேமராவில் பொருந்துபவை. இரண்டுக்கும் சம்மிலக்ஸ் என்றே பெயர். ஒன்று, 40 செ.மீ. நெருக்கம்வரை ஃபோகஸ் ஆகும் நவீன வடிவம். மற்றது, 1961-இல் வந்த முதல் 35 மி.மீ. சம்மிலக்ஸின் கணக்கை அப்படியே எடுத்து, பழைய பிரதிகளுக்கு ரசிகர்கள் வைத்த ‘ஸ்டீல் ரிம்’ என்ற பட்டப்பெயரிலேயே மறுபடி செய்தது. முன்னதை முழுக்கத் திறந்து எடுத்தாலும் படம் மூலைவரை தெளிவாக நிற்கும். பின்னதை அதே எஃப் 1.4-இல் திறந்தால், வெளிச்சமான எதைச் சுற்றியும் மெல்லிய ஒளிவட்டம் படரும், மூலைகள் இளகிவிடும், ஒரு மீட்டரைவிட நெருங்கிப் போகவும் முடியாது.

அறுபது ஆண்டுகள் பாடுபட்டு ஒழித்த குறைகளை, ஒழித்த நிறுவனமே திரும்பச் செய்து தருகிறது. தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் பழமை மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேகமான வைட் ஆங்கிள் லென்ஸை எதற்காக வாங்குகிறோம் என்ற கேள்விக்கு அன்றைய பதில் வேறு, இன்றைய பதில் வேறு. ஆனால் லென்ஸ்களை ஒப்பிடும்போது மட்டும் நாம் இன்னும் அன்றைய பதிலை மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறோம்.

வெளிச்சத்துக்காக வாங்கிய காலம்

1961-இல் ஒரு புகைப்படக்காரரின் பையில் என்ன ஃபிலிம் இருந்தது என்று பார்த்தால் அந்த லென்ஸின் தேவை புரியும். கறுப்பு வெள்ளைக்கு கோடாக்கின் ட்ரை-எக்ஸ். அதன் வேகம் 400. வண்ணத்துக்கு அதே ஆண்டு வந்த கோடாக்ரோம் 2. அதன் வேகம் 25. இரவு விளக்கு எரியும் சாதாரண வீட்டுக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ட்ரை-எக்ஸ் போட்டு எஃப் 2.8-இல் எடுத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/15 நொடி திறந்திருக்க வேண்டும். பேசுகிறவரின் உதடும் கையும் கலங்கிவிடும். எஃப் 1.4 கையில் இருந்தால் 1/60 கிடைக்கும். ஸ்டாண்டு இல்லாமலே எடுக்கலாம். கோடாக்ரோமில் எஃப் 1.4-உம் போதாது, கால் நொடி ஆகும். அன்று எஃப் 1.4 வாங்கியவர் படம் விழுமா விழாதா என்ற கவலைக்காக வாங்கினார். மூலை எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி.

அந்த வெளிச்சத்துக்கான விலை பெரிது. கோளப் பரப்பு கொண்ட கண்ணாடியில் நடுவே நுழையும் கதிரும் விளிம்பில் நுழையும் கதிரும் ஒரே புள்ளியில் வந்து சேர்வதில்லை. இதுவே கோளப் பிறழ்ச்சி. அப்பர்ச்சரின் விட்டம் இரு மடங்கானால், இந்தப் பிறழ்ச்சியால் புள்ளி பரவும் அளவு அடிப்படைக் கணக்கின்படி எட்டு மடங்காகும். எஃப் 2.8-இலிருந்து எஃப் 1.4-க்குப் போவது அப்படிப்பட்ட தாவல். அதோடு வைட் ஆங்கிள் என்பதால் கதிர்கள் பக்கவாட்டில் சாய்ந்து வருகின்றன. சாய்வும் அகலமும் சேரும் இடத்தில் கோமா என்ற பிறழ்ச்சி பிறக்கிறது. தெருவிளக்கு ஒன்று படத்தின் மூலையில் விழுந்தால், அது புள்ளியாக இல்லாமல் சிறகு விரித்த பறவைபோல் பதியும்.

இதைத் திருத்துவதற்கு அன்றைய வடிவமைப்பாளரிடம் இருந்த கருவிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு வளைகிறது என்று மடக்கை அட்டவணைகளை வைத்தும், பின்னர் கையால் இயக்கும் கணிப்பானை வைத்தும் மனிதர்கள் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். அச்சோடு ஒரே தளத்தில் செல்லும் கதிர்களைக் கணக்கிடுவதே நாள்கணக்கில் இழுக்கும் வேலை. தளம் விட்டுக் குறுக்காகச் செல்லும் கதிர்களுக்கு அதைவிடப் பல மடங்கு உழைப்பு தேவை. ஆகவே அவற்றில் மிகச் சிலவற்றையே தொட முடிந்தது. மூலையில் விழும் விளக்கின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்தக் குறுக்குக் கதிர்களே. லைகாவைச் செய்துவந்த வெட்ஸ்லர் நகரின் லைட்ஸ் நிறுவனம் 1953-இல் கோன்ராட் சூசாவின் இசட்5 கணினியை வாங்கியது இந்தக் கணக்குகளுக்காகத்தான். லென்ஸ் தொழில் கணினியை இவ்வளவு சீக்கிரம் தேடிப் போனதற்கு அந்தப் பாரமே காரணம்.

இந்தப் பின்னணியில் ஏழு கண்ணாடிகளை வைத்து 35 மி.மீ.-இல் எஃப் 1.4 தொட்டது பெரிய சாதனை. கால் கிலோகூட இல்லாத லென்ஸ் அது. எஃப் 1.4-இல் நடுப்பகுதியில் விவரங்கள் பதியும், ஆனால் அவற்றின்மேல் ஒரு மங்கல் ஒளி படர்ந்திருக்கும். விளக்கு ஃபிரேமுக்குள் வந்தால் ஃபிளேர் சிதறும். இரண்டு ஸ்டாப் குறைத்தால் மங்கல் விலகி, எஃப் 5.6 வரும்போது அது கட்டுப்பாடான, நல்ல மாறுபாடு கொண்ட லென்ஸாகிவிடும். அதை வைத்திருந்தவர்கள் ஒரே குழலுக்குள் இரண்டு லென்ஸ் இருப்பதாகச் சொல்வது இதனால்தான். இந்த வடிவம் 1990-களின் நடுப்பகுதிவரை தொடர்ந்து விற்பனையில் இருந்தது என்பதிலிருந்தே, அதைவிட நல்லதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது.

ஆடி போட்ட தடை

லைகா எம் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 27.8 மி.மீ. தூரம். நடுவில் எதுவும் அசைவதில்லை. வேண்டுமானால் லென்ஸின் பின்கண்ணாடியை இன்னும் உள்ளே தள்ளலாம். எஸ்.எல்.ஆர். கேமராவில் அப்படி முடியாது. ஃபிலிமுக்கு முன்னால் ஓர் ஆடி மேலும் கீழும் எழுந்து விழ வேண்டும். நிக்கான் எஃப் கேமராவில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. குவியத் தூரம் 35 மி.மீ. என்றால் சாதாரண வடிவத்தின் பின்கண்ணாடி ஆடியின்மேல் இடித்துவிடும்.

இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் பாரிஸின் பியர் ஆன்ஜெனியூ. 1950-இல் அவர் வெளியிட்ட 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸின் பெயர் ரெட்ரோஃபோகஸ். முன்னால் ஒளியை விரிக்கும் குழு, பின்னால் குவிக்கும் குழு என்று வைத்தால், லென்ஸ் ஃபிலிமிலிருந்து விலகி நின்றாலும் 35 மி.மீ.-இன் பார்வைக் கோணம் கிடைக்கும். ஏறத்தாழ அதே காலத்தில் யேனாவின் ஸைஸ் நிறுவனமும் ஃப்ளெக்டகான் என்ற பெயரில் இதே வழியில் போனது. பிறகு ரெட்ரோஃபோகஸ் என்ற வணிகப் பெயரே இந்த வகை வடிவம் முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

ஆனால் முன்னும் பின்னும் சமச்சீராக இருந்தபோது ஒன்றையொன்று தாமாகவே தீர்த்துக்கொண்ட பிறழ்ச்சிகள், சமச்சீர் போனதும் தனித்தனியே தலை தூக்கின. நேர்கோடுகள் வளைந்தன, மூலைகளில் நிறக் கசிவு வந்தது, கோமா கூடியது. எஃப் 2.5-இலிருந்து எஃப் 1.4 வரை வர எஸ்.எல்.ஆர். உலகத்துக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. 1971-இல் விற்பனைக்கு வந்த நிக்கானின் நிக்கார் 35 மி.மீ. எஃப் 1.4 அந்த எல்லையைத் தொட்டது. ஒன்பது கண்ணாடிகள், ஏழு குழுக்கள். நெருக்கத்தில் மூலைகள் கெட்டுப்போகும் சிக்கலுக்கு நிக்கான் 1967-லேயே தன் 24 மி.மீ. எஃப் 2.8-இல் விடை கண்டிருந்தது: ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முழுவதும் ஒன்றாக நகராமல், கண்ணாடிக் குழுக்களுக்கு இடையிலான தூரமும் சேர்ந்து மாறும். இந்த 35-உம் அதே உத்தியைக் கொண்டது. இன்றைய வைட் ஆங்கிள்களில் பெரும்பாலானவை இந்த உத்தியின் வாரிசுகளே.

ரெட்ரோஃபோகஸுக்கு எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. சாய்ந்து விழும் ஒளி, சாய்வுக் கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்கில் குறைகிறது. எளிய சமச்சீர் வடிவமாக இருந்தால், 35 மி.மீ.-இன் மூலைக்கு நடுப்பகுதியில் விழும் வெளிச்சத்தில் பாதிதான் சேரும், 24 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரெட்ரோஃபோகஸில் கதிர்கள் லென்ஸைவிட்டு வெளியேறும்போது அவ்வளவு சாய்வதில்லை. மூலை இருட்டு குறைகிறது. ஃபிலிம் காலத்தில் இது கூடுதல் வசதி மட்டும். டிஜிட்டல் சென்சார் வந்தபோது இதுவே பிழைக்கும் வழியாயிற்று.

கோளத்தைவிட்டு வெளியேறியது

கோளப் பிறழ்ச்சிக்கு நேரடி மருந்து, பரப்பைக் கோளமாக இல்லாமல் செய்வது. கணக்கில் இது நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கண்ணாடியில் செய்வதுதான் பாடு. இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று தேய்த்தால் இயல்பாகவே கோளம் பிறக்கும். கோளமல்லாத பரப்பை ஒவ்வொரு வட்டத்திலும் தனித்தனி வளைவோடு தேய்த்தாக வேண்டும். கேனான் 1975-இல் வெளியிட்ட 24 மி.மீ. எஃப் 1.4 அப்படித்தான் பிறந்தது. 1990-இல் வந்த கோளமல்லாத முதல் சம்மிலக்ஸ் 35-இல் இரண்டு பரப்புகள் தேய்த்தே உருவானவை. சுமார் 2,000 லென்ஸ்கள்தான் செய்ய முடிந்தது. 1994-இல் லைகா அதைக் கைவிட்டு, கண்ணாடியைச் சூடாக்கி அச்சில் அழுத்தி எடுக்கும் முறைக்கு மாறியது. ஒரே ஒரு கோளமல்லாத பரப்பு போதுமென்று கணக்கும் மாறியது. அதன் பிறகு இந்த உத்தி ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு இறங்கி எல்லாருக்கும் கிடைத்தது.

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. கோளப் பிறழ்ச்சி மிச்சமிருக்கும் லென்ஸில் அப்பர்ச்சரைக் குறைத்தால் கூர்மையான தளம் சற்றே பின்னுக்கு நகரும். எஸ்.எல்.ஆர். காரர் முழுக்கத் திறந்த நிலையில் ஃபோகஸ் செய்து, குறைத்த அப்பர்ச்சரில் படம் எடுக்கிறார். லைகா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருப்பவர் லென்ஸ் வழியே பார்ப்பதே இல்லை. எஃப் 1.4-இல் கண்ணிமை கூர்மையாக வந்த படம், எஃப் 2.8-இல் காது மடலில் கூர்மையாகும். 2010-இல் லைகா மிதக்கும் கண்ணாடிக் குழுவைச் சேர்த்து இதைக் கட்டுப்படுத்தியது. ஃபிலிமில் பலரும் கவனிக்காத இந்தப் பிழை, டிஜிட்டல் திரையில் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பெரிய பேச்சாயிற்று.

2012-க்குப் பிறகு

ஃபிலிமின் மேற்பரப்பு எந்தக் கோணத்தில் வந்த ஒளியையும் ஏற்றுக்கொண்டது. சென்சார் அப்படியில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு குழிக்கு அடியில் இருக்கிறது. மேலே ஒரு கண்ணாடித் தகடும் மூடியிருக்கிறது. ஃபிலிமுக்கு மிக அருகே பின்கண்ணாடியைக் கொண்டுபோன பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வைட் ஆங்கிள்களை, தடித்த தகடு கொண்ட மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால், சாய்ந்து வரும் கதிர்கள் அந்தத் தகட்டிலேயே வழி பிசகுகின்றன. மூலைகள் இழுத்துத் தேய்த்தாற்போல் ஆகும். அதே லென்ஸ் தனக்கான கேமராவில் நன்றாகவே நடந்துகொள்ளும். பழைய லென்ஸ் மோசம், புதிய லென்ஸ் நல்லது என்று காட்டும் ஒப்பீட்டுப் படங்களில் ஒரு பகுதி, லென்ஸின் குறையை அல்ல, இந்தத் தகட்டின் வேலையைக் காட்டுகிறது.

இந்தச் சூழலில் 2012-இல் ஜப்பானின் சிக்மா, 35 மி.மீ. எஃப் 1.4 ஆர்ட் லென்ஸை 899 டாலருக்கு வெளியிட்டது. கேமரா நிறுவனங்களின் சொந்த லென்ஸ்களைவிடக் கணிசமாக விலை குறைவு. பதின்மூன்று கண்ணாடிகள், 665 கிராம் எடை. முழுக்கத் திறந்த நிலையிலேயே அது காட்டிய தெளிவு, மூன்றாம் நிறுவனத்து லென்ஸ் என்றாலே இரண்டாம் தரம் என்றிருந்த எண்ணத்தை மாற்றியது. மூன்று ஆண்டுகளில் அதே நிறுவனம் 20 மி.மீ.-இலும், 2023-இல் 14 மி.மீ.-இலும் எஃப் 1.4-ஐத் தொட்டது. 14 மி.மீ. லென்ஸ் ஒரு கிலோவைத் தாண்டும். பால்வீதியை எடுப்பவர்களுக்கு அது பெருங்கொடை. மூலையில் நிற்கும் விண்மீன்களும் புள்ளியாகவே விழ வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. இன்னொரு பக்கம் ஸைஸின் ஓட்டஸ் 28 மி.மீ. எஃப் 1.4 பிறழ்ச்சியே இல்லாத படத்துக்காக எடையையும் விலையையும் மறந்து உருவானது, சுமார் 1.35 கிலோ.

அதன்பின் ஆடியே போய்விட்டது. நிக்கான் இசட் கேமராவில் வளையத்துக்கும் சென்சாருக்கும் 16 மி.மீ., சோனியில் 18, கேனான் ஆர்.எஃப்.-இல் 20. பின்பக்கம் பெரிய கண்ணாடியைச் சென்சாருக்கு அருகே வைக்கும் சுதந்திரம் திரும்பியது. சோனி 2015-இல் மிரர்லெஸ் கேமராவுக்கென வெளியிட்ட தன் முதல் 35 மி.மீ. எஃப் 1.4 630 கிராம். 2021-இல் வந்த ஜி மாஸ்டர் 524 கிராம், மூலைகளிலும் அதைவிடத் தெளிவு. கூர்மைக்கு எடை கூடியே தீரும் என்றிருந்த கணக்கு முதல்முறையாகத் திரும்பியது.

உருப்பெருக்கிக் கண்ணாடியிலிருந்து நூறு சதவீதத்துக்கு

லென்ஸ் மாறியதைப் போலவே ஒப்பிடும் முறையும் மாறியது. என் பார்வையில் அதுவே பெரிய மாற்றம். அன்று ஒப்பிட்டவர்கள் வெளிச்சப் பலகையில் ஃபிலிமை வைத்து எட்டு மடங்கு உருப்பெருக்கியால் குனிந்து பார்த்தார்கள். எட்டுக்குப் பத்து அங்குல அச்சும் ஏறத்தாழ அந்த அளவு பெருக்கம்தான். அதில் தெரியாத பிழை படத்தில் இல்லை என்றே பொருள்.

இன்று 61 மெகாபிக்சல் படத்தைத் திரையில் நூறு சதவீதத்தில் திறக்கிறோம். அகலம் 9,504 புள்ளிகள். அங்குலத்துக்குச் சுமார் 96 புள்ளிகள் கொண்ட சாதாரண மானிட்டரில் அது இரண்டரை மீட்டர் அகலமுள்ள படத்தை அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். பெருக்கம் எட்டிலிருந்து எழுபதாகிவிட்டது. ஒன்பது மடங்கு கடுமையான இந்தப் பரீட்சையில் 1971-இன் லென்ஸ் தோற்பதில் வியப்பில்லை. அது எழுத வந்த தேர்வே வேறு. இன்றைய லென்ஸ்கள் இதிலும் தேறுகின்றன. ஆனால் தேறுபவை எல்லாம் தேறிய பிறகு, அவற்றுக்கிடையே எஞ்சும் வேறுபாடு சுவரளவு அச்சில்கூடத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த நூலிழையைத்தான் நாம் மணிக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறோம்.

அளக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. சோதனை அட்டை தட்டையானது. 35 மி.மீ. லென்ஸின் ஃபிரேமை அட்டையால் நிரப்ப வேண்டுமானால் மிக நெருங்க வேண்டும். பல லென்ஸ்களில் கூர்மையான தளம் கிண்ணம் போல் சற்று வளைந்தே இருக்கும். நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலை விலகும். அட்டையில் மோசமாகத் தெரியும் லென்ஸ், தொலைவிலுள்ள மலையில் நன்றாக இருக்கலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். லென்ஸின் கூர்மையையும் மாறுபாட்டையும் காட்ட நிறுவனங்கள் தரும் எம்.டி.எஃப். வரைபடங்களும் பெரும்பாலும் கணக்கிட்டவை, தொலைதூர ஃபோகஸுக்கானவை. அவை பொய் இல்லை. திருமண மண்டபத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மணப்பெண்ணைப் பற்றி அவை பேசவே இல்லை.

குத்துவிளக்கு சொன்னது

மண்டபத்தில் எடுப்பதுதான் எனக்குப் பழக்கம். அங்கேதான் வேறுபாடு கண்ணுக்குத் தெளிந்தது. 1970-களின் ஜப்பானிய 35 மி.மீ. எஃப் 1.4 ஒன்றை அடாப்டர் போட்டும், இன்றைய 35 எஃப் 1.4 ஒன்றையும் ஒரே கேமராவில், ஒரே இடத்தில், குத்துவிளக்கின் முன்னால் வைத்தேன். புதிய லென்ஸில் ஐந்து திரியும் தனித்தனிச் சுடர். பித்தளையின் பிசிறும், சுடரின் அடியிலுள்ள நீலமும் தெரிந்தன. பழைய லென்ஸில் சுடர்களைச் சுற்றிய ஒளி ஒன்றோடொன்று கலந்து, விளக்கின் தண்டுவரை இறங்கியது. பெண்ணின் கூந்தலில் வைத்த மல்லிகை புதியதில் மொட்டு மொட்டாக எண்ணத் தக்கதாக இருந்தது. பழையதில் ஒரே வெண்மை. புடவையின் ஜரிகை புதியதில் இழை இழையாக, பழையதில் மினுக்கமாக.

இதுவரை வெற்றி யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் உறவினர்களைப் பார்த்தபோதுதான் ஒப்பீடு உண்மையில் தொடங்கியது. பழைய லென்ஸில் பின்னால் தொங்கிய சீரியல் விளக்குகள் ஓரம் பிரகாசமாகவும் நடுவே வெறுமையாகவும் வட்டமிட்டன. தூணின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தது, பின்னணி பதறியது. புதியதில் விளக்குகள் சீரான தட்டுகளாக இருந்தன, முகங்கள் மெல்ல மெல்ல இளகிப் பின்னால் போயின. பழையது எப்போதும் அழகாக மங்கலாக்கும், புதியது எப்போதும் உயிரற்றது என்ற பேச்சை இந்த ஒரு படமே மறுத்தது.

காரணம் தெரிந்தால் இது புதிரே இல்லை. 35 மி.மீ. எஃப் 1.4-இல் இரண்டு மீட்டரில் நிற்பவரை எடுத்தால், ஃபிலிம் கால அளவுகோலில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 27 செ.மீ. மிகத் தொலைவில் உள்ள விளக்கு, ஃபிரேமின் அகலத்தில் எண்பதில் ஒரு பங்கு அளவுள்ள தட்டாகும். அதே ஆளை அதே அளவில் 85 மி.மீ. எஃப் 1.4-இல் எடுத்தால் அந்தத் தட்டு ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகும். பின்னணி கரைந்தே போய்விடும். வைட் ஆங்கிளில் பின்னணி கரைவதில்லை. யார் நிற்கிறார்கள், என்ன இடம் என்று அடையாளம் தெரியும் அளவுக்கு அது பாதி மங்கலில் நிற்கும். ஆளைப் பிரித்துக் காட்டவும் வேண்டும், இடத்தைத் தொலைக்கவும் கூடாது என்பவர்தான் வேகமான வைட் ஆங்கிளைத் தேடுகிறார். ஆகவே இந்த லென்ஸின் குணம் அந்தப் பாதி மங்கலில் இருக்கிறது.

பாதி மங்கலின் வடிவத்தை ஆள்வது மிச்சமிருக்கும் கோளப் பிறழ்ச்சி. அது சற்றுக் குறையாகத் திருத்தப்பட்டிருந்தால் பின்னணி மென்மையாகும், முன்னால் இருப்பவை முரடாகும். மிகையாகத் திருத்தப்பட்டிருந்தால் பின்னணிக் கோடுகள் இரட்டிக்கும். முழுவதும் திருத்தினால் முன்னும் பின்னும் ஒரே மாதிரியான தட்டுகள். கூர்மையும் குணமும் எதிரெதிர்த் துறைகள் என்று பேசுகிறோம். இரண்டும் ஒரே பிறழ்ச்சியின் இரண்டு முகங்கள். மேற்கத்திய இதழ்கள் இதைப் பேசவே வெகுகாலம் எடுத்துக்கொண்டன. மங்கலின் இந்தக் குணத்தை ஜப்பானியர் பொக்கே என்று பேசிவந்தார்கள்; அதைப் பற்றி அமெரிக்காவின் ஃபோட்டோ டெக்னிக்ஸ் இதழ் கட்டுரைகள் வெளியிட்டது 1997-இல்தான். அதற்கு முன் ஒப்பீடு என்றால் கூர்மை ஒன்றே.

இன்று எதை ஒப்பிடுவது?

இன்று ஐ.எஸ்.ஓ. 6400-ஐத் தயங்காமல் வைக்கிறோம். 1961-இன் அதே கூடத்தில், எஃப் 4 ஜூம் லென்ஸே 1/125 நொடி தரும். அன்றைய எஃப் 1.4-உம் ட்ரை-எக்ஸும் சேர்ந்து தந்ததைவிட அது இரு மடங்கு வேகம். வெளிச்சத்துக்காக எஃப் 1.4 வாங்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலானவர்களுக்குத் தீர்ந்துவிட்டது. ஒளியே இல்லாத அரங்கின் இருட்டிலும் விண்மீன் வானத்தின் கீழும் அது இன்னும் உண்டு. மற்ற இடங்களில் எஃப் 1.4-ஐ வாங்குவது, ஆளும் இடமும் பிரியும் விதத்துக்காக. இதை நிறுவனங்களும் உணர்ந்திருக்கின்றன. நிக்கான் 2024-இல் 415 கிராம் எடையுள்ள எளிய 35 மி.மீ. எஃப் 1.4-ஐயும், அடுத்த ஆண்டே ஒரு கிலோவைத் தாண்டும் 35 மி.மீ. எஃப் 1.2-ஐயும் தன் வரிசையில் வைத்தது. முன்னதில் முழுக்கத் திறந்தால் கொஞ்சம் மென்மை உண்டு. பின்னதில் அது இல்லை. எது தேவை என்று வாங்குகிறவரே சொல்ல வேண்டும். அன்று பிழைகளை ஒழிக்க முடியாமல் வடிவமைப்பாளர் சிலவற்றை விட்டுவைத்தார். இன்று ஒழிக்க முடிந்தும், எதை விடுவது என்று முடிவெடுத்து விடுகிறார்.

அதனால் ஒப்பிடுகிறவருக்கு நான் சொல்வது இதுதான். அட்டையை ஒதுக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் விளக்கும் நேர்கோடும் இருக்கட்டும். ஆளை நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அவர் மேலேயே ஃபோகஸ் செய்யுங்கள்; நடுவில் செய்த ஃபோகஸை வைத்து ஓரத்தைத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான்கு மூலைகளையும் பாருங்கள்; ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்த வடிவம் மோசமில்லை, உங்கள் கையிலிருக்கும் பிரதியில் கண்ணாடி கோணலாக அமர்ந்திருக்கிறது, மாற்றிக் கேட்கலாம். கேமரா தானாகச் செய்யும் திருத்தங்களை அணைத்தும் ஒருமுறை பாருங்கள். இரண்டு ஸ்டாப் இருண்ட மூலையைக் கணினி நான்கு மடங்கு ஏற்றிக் காட்டும்போது, அங்கே இரைச்சலும் நான்கு மடங்கு மேலெழும். பிறகு நீங்கள் உண்மையில் அச்சிடும் அளவில் அச்சிட்டு, பார்க்கும் தூரத்தில் நின்று பாருங்கள்.

இப்படிப் பார்த்தால், பழைய சம்மிலக்ஸைத் தேடிப் போகிறவரும் ஜி மாஸ்டரை வாங்குகிறவரும் ஒரே தராசில் நிறுத்தி வென்றவர் தோற்றவர் என்று சொல்ல வேண்டியவர்கள் இல்லை என்பது விளங்கும். முன்னவருக்கு விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம் வேண்டும். பின்னவருக்கு மல்லிகை மொட்டு மொட்டாக வேண்டும். இரண்டையும் தெரிந்தே விரும்பலாம். தெரியாமல் எண்களின் பின்னால் போவதுதான் நட்டம். கூர்மையைத் தேடி அறுபது ஆண்டுகள் உழைத்தவர்கள் அதை நமக்குச் சொத்தாகக் கொடுத்துவிட்டார்கள். எதைக் கூர்மையாக்குவது, எதை மங்க விடுவது என்ற பொறுப்பு இப்போது வியூஃபைண்டரில் கண்வைக்கிறவருடையது.